தள்ளிப் போன சினை

ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் அவளைச் சினைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வலையில் வரும் மீன்களின் வயிற்றைக் கீறி, சினையை எடுத்து எடைபோட்டுக் கொடுப்பது வேலை. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிற ரகமா அவள்? விஞ்ஞானியம்மா நுண்ணோக்கியில் குனிந்ததும், "என்ன மேடம் தெரியுது?" என்று தோளுக்கு மேலே தலையை நீட்டிவிடுவாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கிறது அணு உலை. எந்தக் காலத்திலோ கசிந்தது சேற்றில் இறங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக மீன்கள் அந்தக் கதிர்வீச்சிலேயே பிறந்து வளர்கின்றன. அவற்றின் இனப்பெருக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

சினைக்காரிக்கு அதில் சொந்தக் குடைச்சல் ஒன்றும் இருந்தது. இதே கரையில் வளர்ந்த மகளைக் கட்டிக்கொடுத்து வருஷக்கணக்காகியும் குழந்தை இல்லை. "அந்தத் தண்ணியில வளர்ந்த பொண்ணு, எப்படித் தங்கும்?" என்று சம்பந்தியம்மா போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டாள். அன்றிலிருந்து மகள் போனில் பாதிப் பேச்சுதான் பேசுகிறாள். பெற்றவளுக்கு மனசு ஆறுமா?

அந்த முட்டையிடும் பருவத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கசிவு எட்டாத தூரத்து ஏரியிலிருந்து மீன்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வயிறு புடைத்திருந்தது. இந்த ஏரி மீனைக் கீறினால் நூல் மாதிரி ஒரு சினைப்பை. சினைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நுண்ணோக்கிப் பக்கம் ஓடினாள்.

"மலடாப் போச்சா மேடம்?"

"அவசரப்படாதீங்கக்கா. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வலை கரையேறும்போதே கத்தியோடு நிற்பாள். கீறுவாள், உதட்டைப் பிதுக்குவாள், அடுத்ததை எடுப்பாள். தூரத்து ஏரியில் மீன்களெல்லாம் முட்டையிட்டு ஓய்ந்த பிறகு ஒருநாள் இங்கே ஒன்றைக் கீறினாள். உள்ளிருந்து பொன்னிறச் சினை பிதுங்கி வந்தது. அடுத்ததிலும் அப்படியே.

விஞ்ஞானியம்மா நெடுநேரம் நுண்ணோக்கியை விட்டு நிமிரவில்லை.

"நல்லா முத்தின முட்டைக்கா. மலடெல்லாம் இல்ல, தள்ளிப் போகுது, அவ்வளவுதான். ஏன்னு இனிமேதான் பார்க்கணும்."

"அப்போ என் பொண்ணுக்கு?"

"மீனை வெச்சு மனுஷங்களுக்குச் சொல்ல முடியாதுக்கா."

அந்த வார்த்தை காதில் விழுந்தது, ஏறவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி மகளுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் மீன் என்ற சொல்லையே விட்டுவிட்டாள்.

"ஏய், விஷயம் தெரியுமா? தள்ளிப் போயிருக்குடி!"

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு யாரும்மா சொன்னா? அவருகிட்டகூட நான் இன்னும் சொல்லலையே."

"நான் மீனைத்தான்டி..." என்று தொடங்கினாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.