அக்காவின் இரண்டு டப்பாக்கள்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் இடது கிண்ணத்தில் பத்துச் சட்டைப் பொத்தான்களை எண்ணிப் போடுவேன். ஒரு கரண்டிச் சோறு சாப்பிட்டால் ஒரு பொத்தான் வலது கிண்ணத்துக்குப் போகும். ஒரு துண்டு ரொட்டி, ஒரு தோசை, சீனி போட்ட ஒரு டீ, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. இனிப்பு என்றால் இரண்டு. இடது கிண்ணம் காலியாகிவிட்டால் அன்றைக்கு அதோடு சரி, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு மார்கரெட் ஒருநாள் கேக் கொண்டுவந்தாள். நான் ஒரு விள்ளலை வாயில் போட்டுவிட்டு இரண்டு பொத்தான்களை மாற்றிப் போடுவதைப் பார்த்து, "இது உங்கள் பிரார்த்தனையா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். விளக்கப் பொறுமையில்லாமல் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் சமையலறைக்குள் சத்தமாகப் பேசுவதே இல்லை.

நியூசிலாந்துக்கு நான் வந்தது ஆப்செட் மிஷின் ஓட்ட. சிவகாசியில் காலண்டரும் வெடி லேபிளும் அடித்துப் பழகிய கை, இங்கே பால்பொருள் டப்பாக்களுக்கு அட்டை அடிக்கிறது. வந்த மூன்றாம் வருடம் சர்க்கரை என்றார்கள். கிளினிக்கில் ஹெலன் என்றொரு நர்ஸ், என்னிடம் முதலில் ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிடுவதை எல்லாம் எழுதச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது நோட்டு வெறும் நோட்டாக இருந்தது. அவள் கோபிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிடி பொத்தான்களை அள்ளி என் கையில் வைத்து, "கை எழுதாவிட்டால் பரவாயில்லை, கை எடுத்து வைக்கட்டும்" என்றாள். கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆறே மாதத்தில் என் சர்க்கரை இறங்கிவிட்டது.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் இருந்த என் அக்கா செல்லத்தாய்க்கும் அதே வியாதி, எனக்கு முன்பிருந்தே. அவள் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து அடைக்கும் வேலை பார்த்தாள். மச்சான் லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்கினாள், ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி என்பதால் எழுதி வைக்கச் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பொத்தான் வித்தையைச் சொன்னேன்.

"பொத்தானுக்கு நான் எங்கலே போக?" என்றாள். "இங்கன வீடு பூராம் குழல்தான கெடக்கு. அதப் போடுறேன்."

ஊர்ப்பக்கம் வீடுகளில் பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் வெடிக்கான காகிதக் குழல் சுருட்டுவார்கள், மருந்து ஏற்றாத வெறும் குழல். அக்கா இரண்டு பிஸ்கட் டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் காலையில் பத்துக் குழல், சாப்பிடச் சாப்பிட மற்றதற்கு மாற்றுவாள். ராத்திரி மிச்சம் எத்தனை என்று அவள் மகள் கனி சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாள். ஞாயிறுதோறும் எனக்குக் கணக்கு வரும்.

"நேத்து மூணு மிச்சம்லே. முந்தாநாள் நாலு. ஒம் பொத்தான விட எங் குழல் கெட்டி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரை விட்டு வந்தவனால் ஊருக்கு எதுவும் செய்ய முடிவதில்லை என்பது எங்களைப் போன்றவர்களின் தீராத புண். பணம் அனுப்பலாம், அது கரைந்துவிடும். இது கரையாத ஒன்று, நானே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று வேலையிடத்தில்கூட ஆளைப் பிடித்து வைத்துச் சொன்னேன். ஹெலனிடமும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அவர் வாய்க்குள் போகிற எல்லாமே எண்ணப்படுகிறதா?" என்று கேட்டாள். "எங்கள் ஆட்கள் எண்ணுவதில் தவறு செய்யமாட்டார்கள்" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் கேட்டது வேறு, நான் ரோஷப்பட்டது வேறு.

நாலு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. முன்பிருந்ததைவிட அதிகம். வலது பாதத்தில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் கிடக்கிறது என்று கனி சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, எடுத்த எடுப்பில் கத்தினேன்.

"நீ ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிற. குழல மட்டும் எனக்காக மிச்சம் வைக்கிற. யார ஏமாத்துற?"

"நான் எதுக்குலே ஒன்ட்ட பொய் சொல்லணும்?" என்றாள். "கனிய வேணா கேளு. சோறு, தோசை, டீத்தண்ணி அம்புட்டுக்கும் எண்ணித்தான் போடுறேன். தீவாளிக்கு அதிரசங்கூட வாயில வைக்கல."

"பெறகு எப்படி ஏறும்?"

"எனக்கென்ன தெரியும். நீதான தெரிஞ்சவன்."

போனைக் கனியிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது தண்ணி எடுக்கப் போயிருப்பதாகக் கனி சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் தண்ணி எடுக்கத்தான் போயிருந்தாள். எனக்கும் வீம்பு. சரி, எப்போது உண்மையைச் சொல்கிறாளோ அப்போது பேசட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் புண் கறுத்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் கிடைத்து, மூன்று விமானம் மாறி, நான் மதுரையில் இறங்கும்போது அக்காவை எரித்து ஒரு நாள் ஆகியிருந்தது. பிறந்த வீட்டுக் கோடித் துணியைக்கூட என் பெயரைச் சொல்லி சித்தப்பா மகன்தான் போர்த்தினானாம். என்னிடம் யாரும் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தோம். சுவரில் கனி போட்ட கரிக்கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. அக்காவோடு ஒரே ரூமில் வேலை பார்த்த பேச்சி என்கிற அம்மாள், கம்பெனி வேனில் இருந்து இறங்கி நேராக உள்ளே வந்தார். முகத்திலும் கையிலும் அலுமினியத் தூள் வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருந்தது. மடியில் இருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கைப்பிடி அளவு வெல்லக் கட்டியையும் இரண்டு வாழைப்பழத்தையும் இலையில் வைத்தார்.

"தாயி இது இல்லாம ஒருநா வண்டியில ஏறமாட்டா" என்று அழுதார். "வேல முடிஞ்சா முத வேல இதான்."

கனியைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"தெனமுமா?"

"ஆமா மாமா. எல்லாருந்தான் திங்காக. தூசி நெஞ்சுல தங்காம கழிச்சுவிடும்ல."

"அதுக்கு அம்மா குழல் போட்டாளா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது எதுக்கு மாமா? அது என்ன சாப்பாடா?"

எனக்கு இது தெரியாதா? வெடிக் கம்பெனிக்கு ஆள் போகும் எந்த வீட்டிலும் சாயங்கால வெல்லமும் பழமும் தீனியில் சேராது. முகம் கழுவுவது மாதிரி, அது வேலையின் கடைசிப் பகுதி. என் அம்மாவும் அதே கம்பெனிதான். அவள் கடித்து மிச்சம் வைத்த வெல்லத்தை வாங்கித் தின்றே நாங்கள் இருவரும் வளர்ந்தோம். சோறு கேட்டேன், டீ கேட்டேன், அதிரசம் வரை குடைந்து கேட்டேன். இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்த எட்டு வருடத்தில் அவ்வளவையும் மறந்துவிட்டு, ஹெலனின் மேஜையில் கற்றதை ஊருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அக்கா ஒரு குழல்கூடத் தப்பாகப் போடவில்லை. அவளைப் பொய்க்காரி என்று சொன்னதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது. இதற்கு மன்னிப்பு கேட்க ஆளில்லை. அந்த வெல்லத்தை யாரோ உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன்.

இப்போது அக்காவின் இடத்தில் கனி வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சீசன் சமயத்தில் ஞாயிறும் வேலை உண்டு. போன வாரம் அவள் கிளம்பும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். இங்கே மத்தியானம் கழிந்து மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே காலை.

"வெல்லம் திங்காத கனி. ஒனக்கும் வந்துரும்."

"சரி மாமா, திங்கல. நெஞ்சுக்குள்ள போன தூசிக்கு என்ன செய்யட்டும், அதச் சொல்லுங்க."

வெல்லம் தூசியை எடுக்காது என்று எனக்குத் தெரியும். எது எடுக்கும் என்று தெரியாது. துணி கட்டு, பால் குடி என்று எதையோ உளறினேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"வண்டி வந்துருச்சு மாமா. நீங்க சாப்பிட்டீகளா? ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

கம்பெனி கேட்டுக்குள் செல்போனை விடமாட்டார்கள். தினமும் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். அவசரத்தில் அணைக்க மறந்து அலமாரியில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. கதவு சாத்தி நாதாங்கி மாட்டும் சத்தம் கேட்டது. வேன் கிளம்பிப் போனது. பிறகு வெளியே யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள், தெருவில் ஒரு கோழி கத்தியது, அடுத்த வீட்டில் ரேடியோ பாடியது. எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. போன் கார்டில் நிமிடங்கள் தீரும் வரை, ஆளில்லாத அந்த வீட்டுக்குள் காதை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன்.