மயில் பார்டரும் திறக்காத மெயிலும்

ராகு காலத்துக்கு நான் நன்றி சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரியின் ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு நான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டு ஆர்டர்கள் மெயிலில் வரத் தொடங்கியிருந்தன. முதலாளி கீபோர்டைத் தொட மாட்டார். வந்ததை நான் படித்துச் சொல்வேன், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். கடையில் விசாரித்தால் வேறு அளவு சொல்லியிருப்பார்கள்.

அன்று காலை பத்தே காலுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மெயில் வந்து நின்றது. மகளுக்கு முகூர்த்தப் புடவை சொல்லியிருந்த ஒரு அம்மா அனுப்பியது. தலைப்பில் ‘கலர் மாற்றம், அவசரம்’ என்று இருந்தது. கிளிக் செய்தேன். ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. மூடித் திறந்தேன், மறுபடியும் அதே கதை. மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருந்த மெயில் புரோகிராம் அன்று ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அந்தப் புடவைக்கு அரக்குச் சிவப்பு என்று முடிவாகி, பிள்ளையார்பாளையத்தில் சாயக்காரர் நூலைத் தயாராக வைத்திருந்தார். ஒரு முறை அரக்கு ஏறிவிட்டால் ஏறியதுதான், அந்த நூல் வேறு எதற்கும் ஆகாது. அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால் நம்பர் இல்லை. ஆர்டர் எடுத்தபோது நம்பர் வாங்காத புத்திசாலி நான்தான்.

சாயக்காரருக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

“நானே சும்மாதாம்மா குந்திக்கினு இருக்கிறேன். ராகு காலத்துல யாருமா நூல முக்குவாங்க? பன்னெண்டு அடிச்சா அரக்குல முக்கிடுவேன். இன்னிக்கு விட்டா எனக்கு அடுத்த வாரம்தான். தறிக்காரரு வேற காத்துக்கினு இருக்காரு, பாத்துக்கோ.”

எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்றவரை அடுத்துப் பிடித்தேன். “மெயிலுக்குள்ள கண்ட ஆட்-இன்னையும் ஏத்தி வெச்சிருப்பீங்க. ஒண்ணொண்ணா டிக்க எடுத்துட்டு, மூடித் திறந்து பாருமா. எது போனா சரியாவுதோ அதான் திருடன்” என்றார். ஆட்-இன் என்றால் மெயிலுக்குள் ஒட்டிக்கொண்டு உபரி வேலை செய்யும் குட்டிப் புரோகிராம். எங்களிடம் நாலு இருந்தன.

நான் மவுஸைப் பிடித்ததுமே முதலாளி பதறினார். “ராகு காலத்துல அத்த நோண்டாதம்மா.”

“சார், ராகு காலத்துல நல்லதை ஆரம்பிக்கத்தான் கூடாது. நான் கெட்டதை எடுக்கப் போறேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

வைரஸ் பிடிக்கும் ஆட்-இன்னில் ஆரம்பித்தேன். அது முதலாளியின் மச்சான் கொண்டுவந்து போட்டது. “அத்த எடுத்தா வீட்ல என் தல உருளும்மா” என்றார். யாரும் சொல்லப்போவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு எடுத்தேன். அந்த மச்சான் எது செய்தாலும் கோளாறுதான் என்பது என் உறுதியான நம்பிக்கை, அதை முதலாளியிடம் வாய்விட்டும் சொன்னேன். புரோகிராம் மூடித் திறக்கவே கால் மணி நேரம் பிடித்தது. மெயிலைத் தொட்டேன், உறைந்தது. மச்சான் நிரபராதி என்பதில் எனக்கு வருத்தம்தான். அடுத்து ஃபேக்ஸ் ஆட்-இன். அதுவும் இல்லை.

மூன்றாவது, பஞ்சாங்க ஆட்-இன். சின்ன காஞ்சிபுரத்தில் முதலாளிக்கு நாள் பார்த்துக் கொடுக்கும் பெரியவர் வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது. ராகு காலம் வந்ததும் மெயிலின் மேல் சிவப்பாக ஒரு கட்டம் காட்டும். நான் டிக்கை எடுத்தபோது முதலாளி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்படியும் மெயில் திறக்கவில்லை.

மணி பதினொன்றே முக்கால். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அது நான் போட்டது.

எங்கள் கடிதங்களுக்கு ஒரு களை வேண்டும் என்று மூன்று நாள் முன்புதான் போட்டிருந்தேன். எந்த மெயிலைத் திறந்தாலும், எழுதினாலும் அடியில் வரிசையாக மயில்கள் நிற்கும், நம் புடவை பார்டர் மாதிரியே. அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு முறை உறைந்தபோதும் வெள்ளைப் பக்கத்தின் அடியில் மயில்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. என்னுடையதாவது ஒழுங்காக வேலை செய்கிறதே என்று பெருமைகூடப் பட்டேன்.

டிக்கை எடுத்தேன். மெயில் சட்டென்று திறந்தது.

“யாருமா திருடன்?” என்றார் முதலாளி. காது சுட்டது. பஞ்சாங்கம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன். “படிச்சுட்டுச் சொல்றேன் சார்” என்று இழுத்தேன்.

படித்தேன். ‘உங்கள் போன கடிதத்தின் அடியில் இருந்த மயில் பார்டரைப் பார்த்ததிலிருந்து என் மகள் அரக்கு வேண்டாம் என்கிறாள். அந்த மயிலின் கழுத்தில் இருக்கிற பச்சைதான் வேண்டுமாம். தயவுசெய்து அதே பச்சை.’

சாயக்காரருக்குப் போனில் சொன்னேன். “பச்சைன்னா? கிளிப் பச்சையா, ராமர் பச்சையா, பாட்டில் பச்சையா? கண்ணால பாக்காம முக்க மாட்டேன். இரு, வரேன்” என்று வைத்துவிட்டார்.

எதைக் காட்டுவது? டிக் இல்லாததால் நாங்கள் அனுப்பிய கடிதத்திலும் மயில் இருந்த இடம் வெறும் கட்டமாக இருந்தது. வேறு வழியே இல்லை. முதலாளியிடம் திரும்பி, “சார், திருடன் என் மயில்தான். இப்ப அதையே திரும்பப் போடணும்” என்றேன். அழுகை வரும் போல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாவம், என் மச்சான காலைல இருந்து என்னா பேச்சு பேசினே!”

டிக் போட்டு மெயிலைத் திறந்தேன். மயில்கள் வந்தன, எல்லாம் உறைந்தது.

மொபெட்டை வாசலில் போட்டுவிட்டுச் சாயக்காரர் உள்ளே வந்தார். தோளில் ஏழெட்டுப் பச்சைகளில் நூல் கற்றைகள். ஒவ்வொன்றாகத் திரையில் மயில் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், ஒன்றைத் தனியாக எடுத்து அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டார்.

“நல்லா ஆடாம அசையாம நிக்குதே இது. அங்க போய் முக்கும்போது சந்தேகம் வந்தா, திரும்பி வர வரைக்கும் நிக்குமா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “நீ சாயந்திரம் வந்தாலும் நிக்கும்பா. எங்க பொண்ணு போட்டது ஆச்சே.”