நான்கு டயர்களும் நனைந்த வைக்கோலும்

என் பெரியப்பா வீரையன் எட்டு மாதம் திருச்சி சிறையில் இருந்தவர். டயர் வாங்கப் போய் ஜெயிலுக்குப் போன ஆள் என்று எங்கள் தெருவில் இன்றும் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பண்ணையில் பிறந்து, பண்ணை மாட்டை மேய்த்து, பண்ணையார் பஞ்சநதத்தின் அம்பாசிடருக்கு டிரைவர் ஆனவர் அவர். எங்கள் தெருவில் ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் ஆள். பிற்பாடு நான் பி.ஏ. முடித்து வந்தபோதுகூட அந்த அளவுக்கு யாரும் வாய் பிளக்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம், தை மாதம். சம்பா அறுப்பு. கூலி நெல்லை உயர்த்திக் கொடு என்று சங்கம் கேட்டது. பஞ்சநதம் முடியாது என்றார். பதினோரு நாளாக வயலில் அரிவாள் இறங்கவில்லை. கிழக்கே, கூலி கேட்டவர்களின் குடிசைகளை ஆளோடு கொளுத்தி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டு வாசலிலும் குடங்களில் தண்ணீர் நிறைத்து வைத்தார்கள்.

பஞ்சநதம் கதரை விட்டுக் கரைவேட்டிக்கு மாறியிருந்த சமயம். பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"வீரையா, டயரெல்லாம் எப்படிடா இருக்கு?"

"நூல் தெரியுதுங்கய்யா."

"மாயவரம் போயி நாலையும் மாத்திட்டு வா. வண்டி பறக்கணும். வெல மட்டும் பறக்கக் கூடாது."

தானே சிரித்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். "வியாழக்கெழம காலையில லாரியில வெளியூர் ஆளு வருது, அறுப்புக்கு. நம்ம வண்டி முன்னால போவும். உங்க சனம் ரோட்டுல உக்காரும். ஓட்டுறது நீன்னு தெரிஞ்சா எந்திரிச்சிடும். எந்திரிக்கலன்னாலும் நீ நிறுத்தக் கூடாது."

முன்வரிசையில் உட்காரப்போவது பெண்கள் என்பதும், அதில் பெரியம்மா வேம்பு ஒருத்தி என்பதும் பெரியப்பாவுக்குத் தெரியும். "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

மாயவரத்தில் அமிர்தலிங்கத்தின் டயர் கடை. அவர் முதலில் ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த பழைய டயர்களைக் காட்டினார்; மலிவு. பெரியப்பா தொடவே இல்லை. அடுத்து, நீளவாக்கில் கோடு போட்ட ஒரு டயர். "இதைப் போட்டா வழுக்கிக்கிட்டுப் போவும் தம்பி. பெட்ரோலும் மிச்சம்."

"பிரேக்கு போட்டா எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வர்றவன் எல்லாம் ஓடுறதைக் கேப்பான். நீ நிக்கிறதைக் கேக்குறே."

"நிக்கத் தெரியாத வண்டிய எவன் ஓட்டுறது?"

உள்ளேயிருந்து நான்கு நைலான் டயர் வந்தது. சின்னக் கம்பெனி. குறுக்கும் நெடுக்கும் ஆழமாக வெட்டு. ஓடும்போது வண்டு மாதிரி இரையும், அதனால் யாரும் வாங்கவில்லை, அதனால் விலையும் குறைவு. பெரியப்பா ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் தாரைப் பிடிக்கும். கடையில் கிடந்து காய்ந்துபோனது பிடிக்காது. நகம் பதிந்தது. ஒன்றில் மட்டும் பதியவில்லை. அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்கச் சொன்னார்.

"இது சீக்கிரம் தேஞ்சுடும்ப்பா. அப்புறம் வந்து என்னைத் திட்டாதே."

"வியாழக்கெழம தாண்டுனாப் போதும்."

திரும்பி வரும்போது ஆள் இல்லாத நேரான ரோட்டில் அறுபதில் போய் பிரேக்கை அழுத்தினார். ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பாதித் தூரம் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. மூன்று தரம் செய்தார். மூன்று தரமும் நின்றது. அன்று மத்தியானம்தான், பல நாள் கழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டார்.

சாப்பாடு போட்டுக்கொண்டே பெரியம்மா சொன்னாள்: "வியாழக்கெழம ரோடு பூரா வைக்கோலைப் பரப்பப்போறோம். சங்கத்துல முடிவாயிடிச்சி."

கை சோற்றிலேயே நின்றது. "எதுக்கு?"

"மாட்டு வண்டிச் சக்கரத்துல வைக்கோல் சுத்திக்கிட்டா நகருமா? காரும் அப்படித்தான். தானா நின்னுடும்."

"அடிப் பாவி! இது மாட்டு வண்டியாடி? பனியில நனைஞ்ச வைக்கோல் மேல பிரேக்கு போட்டா, டயர் தங்கமா இருந்தாலும் வழுக்கிக்கிட்டு வரும். நிக்காது!"

"நிக்காதுன்னு உங்க அய்யா சொல்லச் சொன்னாரா?"

அப்படியே எழுந்து சங்கத் தலைவர் மருதையனிடம் போனார். மருதையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வீரையா, வைக்கோலைப் போடாதேன்னு பண்ணை டிரைவர் சொல்றான். அப்ப அதைப் போட்டே ஆகணும்ல?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சரி, வைக்கோல் தொடங்குவதற்கு முன்னாலேயே, தார் மேலேயே நிறுத்திவிடுவது என்று பெரியப்பா முடிவு செய்தார்.

வியாழக்கிழமை விடியும்போது பண்ணையின் கார்க் கொட்டாய்க் கூரையிலிருந்து பனி சொட்டியது. லாரியில் நாற்பது பேர் அரிவாளோடு நின்றார்கள். பெரியப்பா பழக்கத்தில் லாரிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். எல்லாம் வழுக்கை, முழங்கை மாதிரி மழமழவென்று. வெளியூர் லாரி டிரைவரிடம் போனார். "அண்ணே, ரொம்பத் தள்ளி வாங்க."

"நீ உன் வண்டியப் பாரு."

பஞ்சநதம் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். "போ."

டயர்கள் இரைந்தன. வளைவு திரும்பியதும் வைக்கோல் தெரிந்தது, கரைக்குக் கரை மஞ்சளாக. அதற்கப்பால் பெண்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வண்டி ஓட்டுவது நம்ம வீரையன் அல்லவா!

"அழுத்துடா!" என்றார் பஞ்சநதம்.

பெரியப்பா பிரேக்கை அழுத்தினார். அம்பாசிடர் கதறிக்கொண்டு, வைக்கோலுக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றது. டயர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின.

லாரி நிற்கவில்லை.

பின்னாலிருந்து விழுந்த இடியில் கார் வைக்கோல் மேல் ஏறியது. நான்கு சக்கரமும் பூட்டிக் கிடக்க, சத்தமே இல்லாமல், பரிசல் மாதிரி பெண்களை நோக்கி வழுக்கிப் போனது. பெரியப்பா காலை எடுத்தார், சக்கரம் உருண்டது, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். கார் வாய்க்காலில் தலைகீழாக விழுந்தது. பஞ்சநதத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பெரியப்பாவுக்கு முழங்கால் போயிற்று. லாரி, மோதிய வேகத்தில் ரோட்டோரம் சாய்ந்து நின்றுவிட்டது. பெண்கள் மேல் வைக்கோல்தான் விழுந்தது.

வெளியே இழுத்துப் போட்டபோது ஒரு கிழவி கேட்டாள்: "நின்னுட்டு, அப்புறம் ஏண்டா ஏத்த வந்தே?"

கட்டிலில் கிடந்தபடி பஞ்சநதம் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்: சங்கத்தோடு சேர்ந்து திட்டம் போட்டு நிறுத்தினான். சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள்: எங்கள் மேல் ஏற்ற வந்தான். இரண்டு பக்கமும் கைகாட்டியது ஒரே ஆளை.

வேம்பு மட்டும் வைக்கோலைக் கையால் ஒதுக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்து போனாள். வைக்கோல் தொடங்கும் இடத்துக்கு முன்னால், தாரில், டயர்களின் கறுப்புத் தடம் நேராகக் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும் மிதிக்காதீங்க. இங்க நின்னாரு எங்க வீட்டு ஆளு. இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்."

வெயில் ஏறியது. மருதையன் வந்து தடத்தைப் பார்த்தார். குனிந்து விரலால் தடவினார். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இன்னும் நான்கு பேர்.

மத்தியானம் வளைவில் போலீஸ் வேன் தெரிந்தது. முன்சீட்டில் பஞ்சநதத்தின் தம்பி இருந்தார். வேம்பு எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள். வேன் வேகத்தைக் குறைக்கவில்லை; உட்கார்ந்திருந்தவர்கள் ஓரம் தாவ, தடத்தைப் பார்க்காமலே அதன் மேல் ஏறிப் போனது.