புகைபோக்கி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தலைநகராக இருந்த ரிச்மண்டில் 1863 மார்ச்சில் வயிறார உண்டவர்கள் மிகச் சிலர். அந்த நேரம் பார்த்து, போரில் வெற்றி வேண்டி வெள்ளிக்கிழமை எல்லோரும் விரதம் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது.

சர்ச்சின் உதவிக் குழுவை நடத்திய திருமதி ஓவர்ட்டன் தெருத்தெருவாக வந்து சொன்னாள்: "அன்னிக்கு எந்த வீட்டுப் புகைபோக்கியில புகை வருதோ, அந்த வீட்டுக்கு மாவுச் சீட்டு கிடையாது."

லூசிண்டாவுக்கு அந்தச் சீட்டுதான் சோறு. பன்னிரண்டு வயதில் புகையிலைக் கிடங்கில் காம்பிலிருந்து இலை உருவத் தொடங்கியவள், இப்போது படைக்குக் கால்சட்டை தைக்கிறாள். கணவன் ஆசா ஒரு காலைப் போர்க்களத்தில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தான்.

"எனக்குத் தைக்கறப்ப பாதித் துணி போதும், லூசி. அரசாங்கத்துக்கு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவன் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் கண்டாலே குமட்டினான். ஊரில் உப்பு கிடையாது. ஒரு காலத்தில் பன்றித் தொடைகளுக்கு உப்புத் தடவித் தொங்கவிட்ட கொட்டகையில், உப்பு சொட்டி ஊறிய தரை மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்திருந்தாள். காய்ச்சினால் உப்பு. காய்ச்சினால் புகை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆசாவின் உதடு வெளுத்துக் கிடந்தது. ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். ஓவர்ட்டன் மாளிகையின் புகைபோக்கியிலிருந்து புகை தாராளமாக எழுந்துகொண்டிருந்தது. அங்கே அடிமைப் பெண் ஒருத்தி சமைத்துக்கொண்டிருப்பாள். அவள் விரதமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லூசிண்டா அடுப்பை மூட்டினாள்.

அரை மணியில் வாசலில் திருமதி ஓவர்ட்டன் வந்து நின்றாள். "உனக்கு வெட்கமா இல்ல? நம்ம பசங்க ஜெயிக்கணும்னுதானே விரதம்!"

"அந்தப் பசங்கள்ல ஒருத்தன் நான்தாம்மா," என்றான் ஆசா படுக்கையிலிருந்து. "முகாம்ல வருஷம் முழுக்க விரதம்தான். ஜெயிச்சோமா?"

"உங்க வீட்டுலயும் புகை வருதே, அம்மா," என்றாள் லூசிண்டா.

"அது என் மாமியாருக்கு. வயசானவங்க."

"இதுவும் நோயாளிக்குத்தான்."

திருமதி ஓவர்ட்டன் பட்டியலை எடுத்தாள். ஒரு பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

படைவீரர்களுக்குக் கொடுக்கும் கல் போன்ற பிஸ்கோத்தை லூசிண்டா உப்பு வெந்நீரில் ஊறப் போட்டாள். மிதந்து வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆசா மெதுவாகச் சாப்பிட்டான். வயிற்றில் தங்கியது. பாதியில் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ விரதமா?"

"இல்ல," என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். "பசியா இருக்கேன்."