புகைக்கு இனிகோ பார்த்த வைத்தியம்

என் வீட்டுக்காரர் பேரு இனிகோ. புன்னைக்காயல்ல மீன்பிடிக்காரர் வீட்டுல பிறந்துட்டு, வள்ளத்துல ஏறினா வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பள இவராத்தான் இருப்பாரு. நீங்க சிரிச்சுக்கிடுங்க. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நான் சிரிச்சுட்டு, ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாம கெடந்தேன். பதினாலு வயசுல மாமனார் இவரக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. குடலே வெளிய வந்துரும்போல வாந்தி. அதே நேரம் பாத்து நடுக்கடல்ல எஞ்சினும் நின்னுபோச்சாம். இவரு வாயத் தொடச்சுட்டு எஞ்சின் பக்கத்துல குத்தவச்சு, டீசல் குழாயில அடைச்சிருந்த அழுக்க ஊதி எடுத்து ஓட வச்சிருக்காரு. "இவன் கரையிலயே கெடந்து எஞ்சினப் பாக்கட்டும்"னு மாமனார் அன்னைக்கே சொல்லிட்டாராம்.

அதுலேருந்து எஞ்சின்தான். முத்தையாபுரத்துல பஸ் நிக்கிற இடத்துக்குப் பின்னால எங்க பட்டறை, அதை ஒட்டினாப்ல வீடு. கட்டிலுக்கு அடியில கூட ஏதாச்சும் பல்சக்கரம் கெடக்கும். நான் பிலோமினா. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் எனக்கு மிச்சம்.

இவருட்ட ஒரு வழக்கம் உண்டு. படகு எஞ்சினப் பிரிச்சு மாட்டி முடிச்சதும், படகுக்காரரக் கூப்பிட்டு நிறுத்தி, புகை வார குழாய்க்கு நேரா வெள்ளை லேஞ்சி ஒண்ணப் பிடிப்பாரு. லேஞ்சின்னா எங்க கரையில கைக்குட்டை. அஞ்சு நிமிசம் பிடிச்சுட்டு விரிச்சுக் காட்டுவாரு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. இருந்தா எஞ்சின் எண்ணெய் குடிக்குதுன்னு அர்த்தம், எண்ணெய் குடிக்கிற எஞ்சின கடலுக்கு அனுப்ப மாட்டாரு. அப்படியே திரும்பப் பிரிப்பாரு. அதனாலதான் "இனிகோ கை வச்சா கரைக்கு வந்து சேரும்"னு ஒரு பேரு. எங்க வீட்டுல சொத்துன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்.

இப்படி இருக்கையிலதான் ஃபைசல் வந்து சேந்தான். காயல்பட்டினத்துப் பையன், முப்பது வயசு இருக்கும், சார்ஜாவுல கார் சாமான் கடையில வேலை. அவன் வாப்பாவோட தோணிக்கு இவருதான் எஞ்சின் பாத்தது, அந்தப் பழக்கம். செல்போன்ல ஒரு வீடியோ காட்டினான். கார் நண்டு மாதிரி பக்கவாட்டுல போகுது, பின் டயர்லேருந்து புகை கெளம்புது, சுத்தி நின்னு கை தட்டுதாங்க. ட்ரிஃப்ட்டுன்னு பேராம். "அண்ணே, எனக்கு இப்படி ஒரு கார் செஞ்சு தாங்க. கோயம்புத்தூர்ல பந்தயம் நடக்கும்போது நான் லீவுல வந்து ஓட்டணும்"னான்.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். மாதாவே, நேரா போற வண்டிய செய்யவே ஆளப் பாடாப் படுத்துதாரு, இதுல கோணலாப் போற வண்டியா! இவரு காதுல விழுந்தாத்தானே. அந்த வீடியோவ ஏழு தடவை பாத்தாரு.

நாசரேத்துல ஒருத்தர் வீட்டு மாமரத்தடியில கெடந்த பழைய கான்டெஸா காரு ஒண்ணு கெடச்சுது. எஞ்சின் சார்ஜாவுலேருந்து மரப்பெட்டியில கப்பல்ல வந்துச்சு. பெட்டியத் தொறந்ததும் இவரு மொகத்தப் பாக்கணுமே! அது ரோட்டரி எஞ்சின். மேலயும் கீழயும் ஏறி எறங்குற பிஸ்டனே கிடையாது. முட்டை மாதிரி கூட்டுக்குள்ள முக்கோணமா ஒரு இரும்பு சுத்துது. அதோட மூணு முனையிலயும் மெல்லிசா ஒரு தகடு, சீலுன்னு சொல்லுதாங்க, சுவர உரசிக்கிட்டே போகும். "ஏளா, இங்கன வந்து பாரேன், எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்"னு கூப்பிட்டாரு. குழம்பு அடுப்புல கொதிக்குது, நான் போய் முக்கோணத்தப் பாத்துட்டு வந்தேன்.

ரெண்டு வருசம். படகு வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் காருதான். படகுத் தகடு வெட்டி எஞ்சின் உக்காரத் தாங்கி செஞ்சாரு. விசைப்படகு ஷாஃப்ட் கடையுற லேத்துல கொண்டுபோய் காருக்கு ஷாஃப்ட் கடைஞ்சாரு. பின் சக்கரம் ரெண்டும் ஒண்ணாச் சுத்தணும்னு உள்ள இருக்கிற பல்ல எல்லாம் சேத்து வெல்டிங் வச்சாரு. ஃபைசல் அந்த எஞ்சினப் பத்தி இங்கிலீசுல நூத்தி அறுபது பக்கம் வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தான். இவரு படத்த மட்டும் பாத்தாரு. "எழுத்து எதுக்கு, எஞ்சின்ட்ட கேட்டா அதுவே சொல்லும்"னாரு.

இந்த மே மாசம் எஞ்சின் ஓட ஆரம்பிச்சுது. என்னா சத்தம்! கூடவே நீலமா புகை. மாடியில காயப்போட்ட துணியெல்லாம் ஒரே எண்ணெய் வாடை. இவரு வழக்கம்போல லேஞ்சியப் பிடிச்சாரு, பிசுக்கா பிசுக்கு. மொகம் தொங்கிப்போச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வாரேன், எதிர்வீட்டு ஜாய் எல்லாரு முன்னாலயும் கேக்குறா: "ஏளா பிலோமினா, ஊரு எஞ்சின் புகையெல்லாம் நிப்பாட்டுதவரு வீட்டு எஞ்சினே புகையுதாமே?" எனக்கு மூக்குக்கு மேல கோவம். வீட்டுக்கு வந்ததும் இவர்மேல கொட்டினேன். "அந்தப் புகைய நிறுத்துங்க, இல்ல அந்தக் காரத் தள்ளிக் கடல்ல போடுங்க. மானம் போகுது"ன்னேன்.

இவரு தேடிக் கண்டுபிடிச்சாரு. எஞ்சினுக்கு வெளியேருந்து தீக்குச்சி கனத்துல குழாய்ங்க உள்ள போகுது. அது வழியா சொட்டுச் சொட்டா எண்ணெய் நெருப்புக்குள்ளயே விழுது. "எந்தக் கிறுக்கன்லே எண்ணெய நெருப்புல விட்டது"ன்னுட்டு, பித்தளையில சின்னச் சின்ன அடைப்பான் கடைஞ்சு எல்லாக் குழாயையும் அடைச்சுட்டாரு. புகை நின்னுபோச்சு. லேஞ்சி பளிச்சுன்னு இருந்துச்சு. அத எடுத்துட்டுப் போயி ஜாய்கிட்ட காட்டினவ நான்தான்.

பக்ரீத்துக்கு ஃபைசல் வந்தான். பெருநாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, பந்தயத்துக்குச் சரியா ஏழு நாளைக்கு முன்னால, உப்பு கோடவுனுக்குப் பின்னால உள்ள சிமெண்டுத் தளத்தக் கேட்டு வாங்கி ஓட்டிப் பாத்தாங்க. நானும் போயிருந்தேன். காரு ஒரு சுத்து பக்கவாட்டுல வந்துச்சு பாருங்க, என்னையறியாம கையத் தட்டிட்டேன். இவரு கண்ணுல தண்ணி. நாலாவது சுத்துல கிறீச்சுன்னு ஒரு சத்தம், எஞ்சின் நின்னுபோச்சு. அப்புறம் கெளம்பவே இல்ல.

ஃபைசல் மொகம் வெளுத்துப்போச்சு. "நான் ரொம்ப மிதிச்சுட்டேண்ணே"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். காரக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தோம்.

மறுநாள் சாயங்காலம் இவரு எஞ்சினப் பிரிச்சாரு. முனையில இருந்த சீலெல்லாம் ஒடஞ்சு, உள்சுவரு பூரா கீறல். அப்புறம் என்னக் கூப்பிட்டுச் சொன்னாரு: "ஏளா, அந்தச் சீல் காயாம இருக்கத்தான் எண்ணெய் போயிருக்கு. இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும், அது நோயில்ல, அதுக்குச் சாப்பாடு. வள்ளத்துச் சின்ன எஞ்சினுக்கு நானே பெட்ரோல்ல எண்ணெய் கலந்து ஊத்துதேன். இது மண்டையில ஏறலையே! நான்தான் கொன்னுட்டேன்."

எனக்குப் பயம் வந்துருச்சு. எஞ்சின நெனச்சு இல்ல. அது மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், எஞ்சின் வேலையெல்லாம் அப்பத்தான் வரும், அதுதான் எங்களுக்கு வருசம் பூரா சோறு. மறுநாள் காலையில பெர்சி எஞ்சின் கொண்டுவாரதா இருந்துச்சு. சொந்தமா மூணு படகு வச்சிருக்கிறவரு. அவரு எங்க குடுக்காரோ அங்கதான் மத்தவங்களும் குடுப்பாங்க. "இங்க பாருங்க, வாய மூடிட்டு இருங்க. அந்தப் பையனே தன் தப்புன்னுதான் சொல்லுதான். ஒரு எஞ்சினத் தெரியாம அடைச்சுக் கெடுத்தாருன்னு தெரிஞ்சா எவன் ஒங்கள நம்பி கடலுக்குப் போவான்?"னு கேட்டேன். அவரு ஒடஞ்ச சீலையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவுல போட்டு மூடுனாரு. சம்மதம்னுதான் நான் நெனச்சேன்.

காலையில பெர்சி மினி லாரியில எஞ்சினோட வந்து எறங்குனாரு. பிரிச்சுக் கெடந்ததப் பாத்துட்டு, "பய ஏறி மிதிச்சிருப்பான். தெரியாதவன் கையில குடுத்தா இப்படித்தான்"னாரு. ஃபைசலும் அங்கனதான் நின்னான். கண்ணு உள்ள போயி, மொகமெல்லாம் வாடி, இவரு கையப் பிடிச்சான். "மன்னிச்சிருங்கண்ணே. ரெண்டு வருசம் நீங்க பாடுபட்டத நான் நாலு சுத்துல ஒடச்சுட்டேன்."

இவரு கைய உருவிக்கிட்டாரு. "இல்லலே. நீ ஒடைக்கல. எண்ணெய் போற குழாய நான் அடைச்சேன். அது எதுக்குன்னு தெரியாம அடைச்சேன், ஒன்ட்ட கேக்காம அடைச்சேன்"னு, பெர்சி காதுல விழுற மாதிரிதான் சொன்னாரு.

பெர்சி, எஞ்சின எறக்கப் போன ஆளுங்களப் பாத்து, "இருங்கலே"ன்னாரு. எனக்குத் தாங்கல, உள்ளேருந்து ஓடியாந்து, "புகைய நிறுத்தச் சொன்னது நான்தான். என் நச்சரிப்பு தாங்காமத்தான்"னு கத்தினேன். இவரு என்னப் பாத்து மெதுவாக் கேட்டாரு: "நீ ஆயிரம் சொல்லுவ. ஸ்பேனர் யாரு கையில இருந்துச்சு?"

"பாத்துட்டுச் சொல்லுதேன் இனிகோ"ன்னுட்டு பெர்சி லாரியத் திருப்பிட்டாரு. இந்த வருசம் வரவே இல்ல. வேற ரெண்டு பேரு வந்தாங்க, ரெண்டே பேரு. ஃபைசலும் பைக்க எடுத்துட்டுப் போயிட்டான். நான் பட்டறை வாசல்ல நின்னு அழுதேன். கோவமா, பெருமையான்னு அப்பத் தெரியல, ரெண்டும்தான் போல.

மூணு மணிக்கு ஃபைசல் திரும்பி வந்தான். ஒடஞ்ச சீல் ஒண்ண எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "இது சார்ஜாவுல கெடைக்கும். கூடும் அனுப்புதேன். இந்த வருசம் பந்தயம் போச்சு."

"போச்சு தம்பி."

"எனக்கு ஒங்க மேல கோவம்தாண்ணே."

"இருக்கட்டும்லே. இருக்கணும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "மைனி, ஞாயித்துக்கிழமையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. என்னாலதான், என்னாலதான்னு நெனச்சு நெனச்சு... இப்பத்தான் பசிக்குது. ஏதாச்சும் இருக்கா?"

சோறும் சாளை மீன் குழம்பும் வச்சேன். குனிஞ்ச தலை நிமிராம தின்னான். வாய மூடச் சொன்னவ நான்ல? அப்படியே விமானம் ஏறிப் போயிருந்தா இந்தப் பிள்ளை அங்கயும் போய் பட்டினி கெடந்திருக்குமே. அடக்க முடியாம, "தம்பி, அவர இத மறைக்கச் சொன்னது நான்தான்"னு சொல்லிட்டேன்.

அவன் கை தட்டுலயே நின்னுச்சு. அப்புறம் தட்ட என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க மைனி"ன்னான்.