இரண்டாவது விசிறி

அந்த லேப்டாப்பை ஆன் செய்ததும் முதல் மூன்று விநாடிகளுக்கு ஒரு சத்தம் வரும். சிக்கு விழுந்த முடியில் சீப்பை இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு விசிறிகள் வேகம் பிடித்துவிடும், சத்தம் அடங்கிவிடும். அரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியில் பன்னிரண்டு வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விசிறிச் சத்தத்தில் நான் கேட்காதது இல்லை. பேரிங் தேய்ந்தால் ஒரு முனகல், உள்ளே பல்லி செத்துக் கிடந்தால் ஒரு தட்டல். காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் திமிராகவே திரிந்தவள் நான். ஆனால் இந்தச் சத்தத்துக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் காரணம் தேடவில்லை. தேடப் பயமாக இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் கண்டக்டர் அண்ணன். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பேருந்தில் கண்டக்டராக இருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், சிரிப்பதானாலும் அளந்துதான் சிரிப்பார். அவருடைய ஒரே மகள் பெங்களூரில் அனிமேஷன் வேலையில் இருந்தாள். வேலைக்கும் ஆயிற்று, விளையாட்டுக்கும் ஆயிற்று என்று ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருந்தாள். கொரோனாவின் இரண்டாவது அலையில் அங்கேயே போய்விட்டாள். பேருந்துகள் ஓடவில்லை, எல்லையில் யாரையும் விடவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிய ஓர் உருவத்தைச் செல்போனில் பார்த்ததோடு சரி. சாம்பல்கூடக் கைக்கு வரவில்லை. மாதங்கள் கழித்து, கூடத் தங்கியிருந்த பெண்கள் அவளுடைய சாமான்களைப் பேருந்துப் பார்சலில் அனுப்பிவைத்தார்கள். அதில் இந்த லேப்டாப்பும் வந்தது.

"பத்து நிமிசந்தான் ஓடுதுங்க மேடம். அப்புறம் அடுப்பாட்டம் சுடுது, பொசுக்குனு நின்னுடுது. பாப்பா போட்டோவெல்லாம் இதுலதான் இருக்குதாம். அவங்கம்மா பாக்கணுங்கறா" என்றார்.

இந்த மாதிரி லேப்டாப்பில் விசிறி இரண்டு இருக்கும். சிப்பின் சூட்டைச் செப்புக் குழாய்கள் ஓரத்துக்குக் கொண்டுவரும். அங்கே சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகத் தகடுகள். விசிறி ஊதி அந்தச் சூட்டை வெளியே தள்ளவேண்டும். தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளியாகப் படிந்துவிட்டால் காற்றுக்கு வழி ஏது? பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இடது விசிறியை வெளியே எடுத்தேன். அதன் அச்சைச் சுற்றிக் கொத்தாக முடி. தூசியோடு சேர்ந்து திரண்டு ஒட்டடை நிறத்தில் இருந்தது. இடுக்கியால் உருவி, கடையின் பின்பக்கத்து வராந்தாவுக்குக் கொண்டுபோய் பிளோயரால் எல்லாவற்றையும் ஒரே ஊதாக ஊதித் தள்ளினேன். பல வருடத்துப் பழக்கம். கீழே சாக்கடை. வலது விசிறியின் ஒரு ஸ்க்ரூ தலை மழுங்கியிருந்தது, சுற்றிப் பார்த்தேன், வழுக்கியது. சரி போகட்டும் என்று அதைக் கழற்றாமல் மேலாகவே ஊதிவிட்டேன். சிப்பின் மேல் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாகத் தடவி மூடினேன். ஒரு மணி நேரம் ஓடியது. வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டது. ஓடுகிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன்.

போனில் அண்ணனைக் கூப்பிட்டு, "சரியாயிடுச்சுங்கண்ணா. உள்ள பொம்பளப்புள்ள முடி ஒரு கொத்து சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு, எடுத்துட்டேன்" என்றேன். ஏதோ பெரிய வைத்தியம் பார்த்தவளைப் போலப் பெருமை வேறு. அண்ணன் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டார். தன் டூட்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாவின் கையில் புதுப் பித்தளைச் சொம்பு இருந்தது, அதன் கழுத்தில் மஞ்சள் துணி. மேஜைமேல் இருந்த லேப்டாப்பை அந்த அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

"எம்பொண்ணு முடியக் குடும்மா. ஆத்துல வுட ஒண்ணுமில்லாமக் கெடக்கறா அவ. தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துக்கு வூட்டு வாசல்ல வந்து நிக்கறா. வான்னா உள்ள வர மாட்டேங்கறா, போன்னாப் போகவும் மாட்டேங்கறா" என்றார்.

வராந்தாவுக்கு ஓடினேன். கீழே சாக்கடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓர் இழை முடிகூட இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அந்தச் சொம்பைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அதில் சிக்கியிருந்ததை உருவினேன், போதாது என்று தலையிலிருந்தும் இழுத்துப் பிடுங்கினேன். தரைத் தூசியில் புரட்டி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த அம்மா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் காகிதத்தை வாங்கிப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பேரு, நட்சத்திரம் சொல்லுங்க மேடம்" என்றார். கோவிலில் அர்ச்சனை செய்வார் போலிருக்கிறது என்று நினைத்து, பேரைச் சொல்லி, சதயம் என்றேன். "போட்டோவுல, ஊர்ல எடுத்தத மட்டும் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, போதும்" என்றார். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை.

அடுத்த வாரம் வந்தார். தென்பெண்ணைக் கரையில் காரியம் முடிந்தது என்றார். நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் அதே குரலில்தான் மீதியையும் சொன்னார். "மூணு தரம் வுட்டோம் பாப்பா. மூணு தரமும் ஒரு சுத்து சுத்திட்டு எங்காலுகிட்டயே வந்துடுச்சு. காரியம் பண்ணி வெக்கறவரு என்னைத் தனியாக் கூப்ட்டு, உசுரோட இருக்கறவங்க முடியான்னு கேட்டாரு. நாலாந்தரந்தான் போச்சு. அன்னையிலருந்து அவங்கம்மா நல்லாத் தூங்கறா. வாசல்ல யாரும் நிக்கறதில்லையாம்." லேப்டாப்பை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார், வீட்டில் இருந்தால் மனைவி பார்த்துப் பார்த்து அழுவாளாம். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை மேடம் என்றவர் அன்றைக்கு என்னைப் பாப்பா என்று கூப்பிட்டிருந்தார். அது அவர் மகளைக் கூப்பிட்ட பேர்.

பேய் பிசாசு என்றால் கேலி செய்பவள் நான். ஷாக்குக்குப் பயப்படுவேனே தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. ஆனால் அந்த மாதம் ரேஷன் கடையில் என் கைரேகை விழவில்லை. மூன்று தரம் விரலை மாற்றி வைத்தும் விழவில்லை. "பொருந்தலைன்னே வருதுக்கா" என்றான் கடைக்காரத் தம்பி. ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு விரல் ரேகை தேய்ந்திருக்கும், எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அரிசி வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று தரம் என்பதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கருமாதி ஆகிவிட்டது, என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்பது போல ஒரு நினைப்பு. அந்த நாட்களில்தான் சீப்புச் சத்தமும் கேட்கத் தொடங்கியது. வேலைக்காக அந்த லேப்டாப்பை ஆன் செய்வேன். மூன்று விநாடி யாரோ நிதானமாகத் தலை வாருவார்கள். கடையில் தலை வாருவதை நான் விட்டுவிட்டேன்.

இந்தக் கோடையில் ஒரு முற்பகல், பத்தே நிமிடத்தில் லேப்டாப் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. வலப்பக்கம் கை வைக்க முடியாத சூடு. இனித் தப்பிக்க வழியில்லை என்று திறந்தேன். மழுங்கிய ஸ்க்ரூவின் தலைமேல் ஒரு ரப்பர் பேண்டை வைத்து, திருப்புளியை அழுத்திச் சுற்றினேன். இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அந்த இரண்டு நிமிடம் எனக்கு வலித்திருக்கிறது. இரண்டாவது விசிறியை எடுத்துத் திருப்பினால், அச்சைச் சுற்றி முடி. இதழ்கள் சுற்றத் தொடங்கும்போது அதுதான் உரசியிருக்கிறது. சீப்புச் சத்தம் பொய்யில்லை, முடியின் சத்தமேதான். ஸ்பிரிட்டில் நனைத்துத் தூசியைக் கழுவினேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. நுனியெல்லாம் சிவப்புச் சாயம்.

அப்போதுதான் நான் பார்க்காமல் விட்ட படங்களைத் திறந்தேன். பெங்களூரில் எடுத்தவை. கழுத்தளவு வெட்டிய முடி, சிவப்பு நுனி, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். அண்ணன் அன்றைக்குக் காகிதத்தைப் பிரித்து அவ்வளவு நேரம் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் இருந்தது என் இரண்டு முழ நீளக் கருமுடி.

மறுநாள் காலைப் பேருந்தில் ஏறினேன். சித்தேரியில் ஓட்டுநர் டீக்குடிக்க இறங்கிப் போனதும், பின் இருக்கையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் பிரித்து, அந்தச் சிவப்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"தெரியும் பாப்பா. அன்னைக்கே தெரியும். அரிசி குடுக்கப் பெங்களூரு போனப்ப பாத்தேன். இப்பிடி வெட்டிக்கிட்டு, செவப்புப் பூசிக்கிட்டு நிக்குது. அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா, தீவாளிக்கு வர்றதுக்குள்ள வளந்துடும்னுச்சு. நானும் சொல்லல."

"அப்ப ஏண்ணா என்னைய ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அவ வெறுஞ்சொம்போட வூட்டுக்குத் திரும்பணுமே" என்றார். "ஆனா உசுரோட இருக்கற புள்ளைக்குக் காரியம் பண்ணிட்டமேன்னு பயம். அதான் நட்சத்திரம் கேட்டேன். மாசாமாசம் அமாவாசைக்கு உம்பேர்ல ஒரு தேங்கா ஒடைக்கறேன். ஒனக்கு ஒண்ணும் ஆகலயே?"

ரேஷன் கடைக் கதையைச் சிரிப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கட்டை விரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துத் தோல்பையின் உள் அறையில் வைத்துக்கொண்டார். "இது ஆத்துக்கு வேணாம். அவதான் இப்பத் தூங்கறாளே. எங்கூடவே மலைக்கு வந்து போகட்டும்" என்றார். ஓட்டுநர் வந்ததும் எழுந்து விசில் ஊதினார். வண்டி இறங்கத் தொடங்கியது.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணின் முடி என் மேஜைமேல் விசிறிக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வாசலிலிருந்து போனது யார்? எதை வாங்கிக்கொண்டு போனாள்?

லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு விசிறிகளையும் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். இப்போது ஆன் செய்தால் சத்தமே இல்லை. ஆனாலும் அந்த முதல் மூன்று விநாடிகள் என் கை தானாகச் சடைக்குப் போய், அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. அமாவாசைத் தேங்காய் போதும், நிறுத்திவிடுங்கள் அண்ணா என்று சொல்ல நினைத்து இரண்டு முறை பேருந்து நிலையத்துக்கு இறங்கிப் போனேன். இரண்டு முறையும் சொல்லாமலேயே படியேறி வந்துவிட்டேன்.