நிமியாவின் பாலாடைக்கட்டிக்கு விழுந்த முத்திரை

பரானா ஆற்றுப் பாலத்தைத் தினமும் கடக்கிற எங்களில் நிமியா பிரீதெஸைத் தெரியாதவர் கிடையாது. பராகுவேக் கரையில் அவளுக்கு நான்கு மாடு. அர்ஜென்டினாக் கரையில் அவளிடம் பாலாடைக்கட்டி வாங்கும் முப்பது வீடு. இருபது வருடமாகப் பாவாடைக்குள் துணிப்பை கட்டி, ஐந்து கிலோவை அதில் ஒளித்துக்கொண்டு முதலில் படகும், பாலம் வந்த பிறகு பஸ்ஸும் ஏறுவாள். சுங்கத்தார் வயிற்றைப் பார்த்து, "எத்தனையாவது மாசம்?" என்பார்கள். "எட்டு சார்" என்பாள். இருபது வருடமும் எட்டாவது மாதம்தான்.

அப்புறம் ஒப்பந்தம் வந்தது. பராகுவே, அர்ஜென்டினா, பிரேசில் உள்ளிட்ட நான்கு நாடுகளுக்குள் இனி சுங்கத் தீர்வை இல்லை என்று வானொலி சொன்னது.

"ஒளிஞ்சது போதும்டி. இனிமே தலை நிமிந்து போகப்போறேன்" என்றாள் என்னிடம். மறுநாள் கோயிலுக்குப் போகிற கவுனைப் போட்டுக்கொண்டு, கட்டியைக் கூடையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு வந்தாள்.

எதிர்க்கரையில் ஷிமான்ஸ்கி என்கிற அதிகாரி கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பாலாடைக்கட்டி சார். தீர்வை இல்லாதது."

"அது சரி. பிறப்பிடச் சான்று எங்க?"

"எனக்கா, கட்டிக்கா?"

"கட்டிக்கும்மா! எந்த நாட்டுல உண்டாச்சுன்னு தெரிய வேணாமா?"

"எங்க வீட்டு அடுப்படியிலதான்."

"மாடு?"

"உங்க ஊர்ச் சந்தையில வாங்கினது."

"உப்பு?"

"பிரேசில் உப்பு சார்."

ஷிமான்ஸ்கி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். பஸ்ஸிலிருந்து ஓர் ஆள் கத்தினான்: "யோவ், சீக்கிரம் விடுய்யா! கட்டியோட சேந்து நாங்களும் உருகுறோம்!"

கடைசியில் அவர், "மாதிரி எடுத்துப் பரிசோதிக்கணும்" என்றார். ஒரு துண்டு வெட்டினார். மேலதிகாரி வந்து இன்னொன்று வெட்டினார். எடை போடுகிறவர் உள்ளேயிருந்து ரொட்டியோடு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் கூடையில் துணி மட்டும் மிச்சம்.

நிமியா அந்தத் துணியை எடுத்து உதறினாள். ஐந்து கிலோ என்றால் இரண்டு நாள் பால். அழப்போகிறாள் என்று தோளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"பரிசோதனை முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

"குறை ஏதாவது உண்டா?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அப்ப, பரிசோதிச்சோம், குறையில்லன்னு எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் வழக்கமில்லம்மா."

"திங்கிறது வழக்கமா? பஸ்ல அறுபது பேரு பாத்துக்கிட்டிருக்காங்க. பத்திரிகைக்காரன் வந்து கேட்டா கட்டி எங்க போச்சுன்னு சொல்வீங்க?"

மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷிமான்ஸ்கி மீசையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மூன்று கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை.

அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடைக்குள் வைத்தாள் நிமியா. பதினொரு வருடம் அதைக் காட்டியே போய்வந்தாள். புதிதாக வருகிற அதிகாரிகள் மூன்று கையெழுத்தைக் கண்டதும் வழிவிட்டார்கள். அதில் சொல்லியிருந்த கட்டி என்றைக்கோ செரித்துப்போனதை யாரும் யோசிக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினேழு மாடு.

எனக்கும் அப்படியொரு தாள் வாங்க ஆசை வந்தது. ஒருநாள் என் மூட்டையையும் துணிந்து அவிழ்த்துக் காட்டினேன். ஷிமான்ஸ்கி ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் விற்பது மரவள்ளி மாவு.